ஜங்ஷனில் பலகை அடித்த மாதங்கள்

மலையடிவாரத்து ஜங்ஷனில் வேலைக்குப் போன முதல் நாள், ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு, அதன் குமிழி நடுவில் வந்து நிற்பதற்காகக் காத்திருந்தேன். நிற்கவே இல்லை. மூன்றாவது பிளாட்பாரத்தைத் தாண்டிச் சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது, சட்டம் அதிர்ந்தது, குமிழி இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியின் கடைசிப் பெட்டி போன பிறகு ஒரு நிமிஷம் எல்லாம் அடங்கியது. அந்த ஒரு நிமிஷத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அங்கே நான் போட்ட கோடுகள் எல்லாமே வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் போட்டவைதான்.

டிக்கெட் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை பெரிய பெரிய நோட்டுகளில் கையால் பெயர் எழுதிக்கொண்டிருந்த அலுவலகத்தைப் புதிதாக்க வேண்டும். உயரமான பழைய கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டு, பலகையால் தடுப்பு அடித்து, மிஷின்கள் இருக்க ஏசி அறை ஒன்று கட்டித் தர வேண்டும். ஆனால் ஒரு நாள்கூட டிக்கெட் ஜன்னலை மூடக் கூடாது. அறையின் பாதியில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எழுதுவார்கள். மறுபாதியில் நாங்கள் அறுப்போம், அடிப்போம், இழைப்போம். நடுவில் ஒரு தார்ப்பாய். எங்கள் பாதி முடிந்ததும் அவர்கள் மேஜைகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வர, நாங்கள் அந்தப் பக்கம் போக வேண்டும். எட்டடிப் பிளைவுட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, பெட்டி படுக்கையோடு ஓடுகிற ஜனங்களுக்கு நடுவே ஒருவர் மேலும் இடிக்காமல் கொண்டுபோவதற்கே தனிப் பழக்கம் வேண்டியிருந்தது.

நான் நாகலூர்க்காரன். பாட்டன் காலத்தில் கீழிருந்து காப்பித் தோட்ட வேலைக்கு மலையேறிய குடும்பம் எங்களுடையது. எஸ்டேட்டில் தச்சனாக இருந்தேன். கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்குக் கதவு, காப்பி காயவைக்கிற தட்டு, கணக்கெழுதுகிற ரைட்டர் உட்கார்ந்து உடைத்த நாற்காலிக்குப் புதுக்கால், இதுதான் என் வேலை. என் மனைவிக்குக் கிளியூர். கல்யாணமாகி வந்த மறுவாரமே கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு பழம் பறிக்கப் போனவள். இருபத்திரண்டு வருஷம் போனாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் மலையை விட்டு இறங்கியதே மனைவிக்காகத்தான். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். கீழே டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம் என்றார்கள். முதல் வாரம் நாகலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தோம். கரண்டு வைத்துக்கொண்டு திரும்பும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். கண்டக்டர் நல்ல மனுசன், இரண்டு தடவை பஸ்ஸை நிறுத்திக்கூடப் பார்த்தார். நாலாவது நாள் வளைவுகள் முடிந்து மலைமேல் சமதளம் வந்த பிறகும் அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மறுவாரம் ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை பிடித்தோம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ் உண்டு. ஜங்ஷனுக்குள் தச்சு வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, அந்த வேலையைக் காண்டிராக்ட் எடுத்தவரின் சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தேன். காலையில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் வர முடியும் என்றேன். "வேல நின்னுபோகாத பாத்துக்குங்க, அது போதும்" என்றார்.

எங்கள் அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. மலையிலேயே இருந்த உடம்புக்கு அந்தச் சூடு தாங்கவில்லை. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளை ஜங்ஷனுக்கே கூட்டி வந்துவிடுவேன். நாங்கள் வேலை செய்த அறைக்கு வெளியே, நடைவழியில் ஒரு பெஞ்சு கிடந்தது. கல் சுவர், உயரமான கூரை, எந்நேரமும் கொஞ்சம் காற்று வரும். அங்கே உட்கார்ந்திருப்பாள். மதியம் இருவரும் அங்கேயே தூக்குப்போசியைத் திறந்து சாப்பிடுவோம். அவள் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டாள்.

அந்த நடைவழியின் கடைசியில்தான் அறிவிப்பு அறை. வண்டி எப்போது வரும், எந்தப் பிளாட்பாரத்துக்கு வரும் என்று மைக்கில் சொல்கிற பெண், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். முப்பது வயசு இருக்கும். பக்கத்திலேயே ரயில்வே குவார்ட்டர்ஸில் தன் தாயாரோடு குடியிருந்தாள். எங்கள் அறைக்கும் அவள் அறைக்கும் பொதுவாக ஒரே சுவர்.

ஒருநாள் அந்தச் சுவரில் நான் டிரில் வைத்த அதே நேரத்தில் அவள் மைக்கைத் திறந்திருக்கிறாள். டிரில்லின் இரைச்சல் ஒலிபெருக்கி வழியே ஜங்ஷன் முழுக்கக் கேட்டது. ஒன்றாவது பிளாட்பாரத்துக்கு வர வேண்டிய வண்டி நான்காவதுக்கு வருகிறது என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. வண்டி வந்து நின்ற பிறகுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது. எல்லோரும் பாலத்தில் ஏறி ஓடினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்தில், பெட்டிகளோடு முன்னால் ஓடிய தகப்பன் ஏறிவிட்டான், தாயும் குழந்தையும் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

அறிவிப்புப் பெண் எங்கள் அறைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "அண்ணா, அந்தப் பொண்ணு கொழந்தைய வெச்சுட்டு அழுதுட்டு நிக்குதுங்க. அதுக்கு நான் போயி என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். அடுத்த ஸ்டேஷனில் அவனை இறக்கி, தாயையும் பிள்ளையையும் அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பியதாகப் பிறகு சொன்னார்கள். ஆனாலும் அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

இனிமேல் அறிவிப்பு வரும்போதெல்லாம் வேலையை நிறுத்திவைக்க ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று முடிவானது. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "அதுக்குன்னு தனியா ஒரு ஆளுக்கு நா எங்க போறதுங்க?" என்றார்.

பெஞ்சில் இருந்த என் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, நா பாத்துக்கறனுங்க. சும்மாதான ஒக்காந்திருக்கறேன்" என்றாள்.

"உனக்கு எதுக்கு புள்ள இதெல்லாம்" என்றேன்.

"கண்ணாடியப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறதுல என்னங்க கஷ்டம்?"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பெஞ்சை அவள் அறிவிப்பு அறைக்கு எதிராக இழுத்துப் போடச் சொன்னாள். நான் ஒரு சணல் கயிற்றைத் தடுப்புக்கு மேலாக விட்டு, என் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, வேலை மேஜைக்கு மேலே தொங்கவிட்டேன். மறுமுனை அவள் கையில். அறிவிப்புப் பெண் மைக்கைத் திறப்பதற்கு முன் கையை உயர்த்துவாள். என் மனைவி கயிற்றை இழுப்பாள். துணி என் கண் முன்னால் குதிக்கும். டிரில்லை நிறுத்திவிட்டு நிற்பேன். அறிவிப்பு முடிந்ததும் இரண்டு முறை இழுப்பாள்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. தன் வாழ்நாளில் ஒரு ரயிலிலும் ஏறியிராதவள், பத்தே நாளில் எந்த வண்டி எப்போது வரும், எது தினமும் லேட்டாகும் என்றெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டாள். வழி தெரியாமல் நடைவழிக்குள் நுழைந்துவிடுகிறவர்களிடம், "அது நாலாவதுங்க, பாலத்துல ஏறிப் போங்க" என்று சொல்வாள். அறிவிப்புப் பெண் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினாள். இவள் அவளைக் கண்ணு என்றாள். அந்தப் பெண் வீட்டிலிருந்து இவளுக்கென்று தனியாக மிளகு ரசம் கொண்டுவருவாள். ஒருநாள் வேலையைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர், "இந்தம்மா யாரு?" என்று கேட்டார். அறிவிப்புப் பெண் எழுந்து வந்து, "இவங்க இல்லீன்னா டிரில் சத்தம் மைக்குல கேக்குமுங்க சார்" என்றாள். அவர் ஒருமுறை கயிற்றையும் துணியையும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை அறைக்குத் திரும்பும்போது என் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த மாதங்களில் அவள் சிரித்து நான் பார்த்தது மிகக் கொஞ்சம்.

ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கிற இடத்தைக் காட்டுவதற்காக அவள் வயிற்றில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். "பலகையில நீங்க போடற மாதிரியே போட்டிருக்கறாங்க" என்று என்னிடம் சொன்னாள். அந்தக் கோடு அழியக் கூடாது, வைத்தியம் முடிகிற வரை அங்கே தண்ணீர் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். துணியை நனைத்து முகம், கை, கால் துடைத்துக்கொள்வதோடு சரி. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தண்டனையாக இருந்தது. மலையில் எவ்வளவு பனியானாலும் வேலை விட்டு வந்ததும் காப்பிச் செடியில் வெட்டிக் கழித்த கவாத்து விறகை வைத்து அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க வாரி ஊற்றிக்கொள்கிறவள். நாள் முழுக்க உடம்பில் ஒட்டியிருந்த ஈரமும் சிலந்தி வலையும் பட்டைச் செதிலும் போக, முதுகு சிவந்துபோய் வெளியே வருவாள்.

"இந்தக் கோடு அழிஞ்ச அன்னிக்கு ஊட்டுக்குப் போயி ஒரு அண்டாத் தண்ணி வாத்துக்கோணும்" என்பாள். "இந்த ஊரு உப்புத் தண்ணி வேண்டாம். நம்ம ஊட்டுல, நம்ம அடுப்புல."

"போலாம் புள்ள" என்பேன்.

வேலை இரண்டாவது பாதிக்கு மாறியது. குமாஸ்தாக்கள் எங்கள் புதுப் பாதிக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, பிளைவுட் வாசத்தில் தலை வலிக்கிறது என்றார்கள். பழைய பாதியின் சுவரைச் சுரண்டினோம். மேலே பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் கரி எஞ்சின் காலத்துப் புகை, விரலில் ஒட்டுகிற மாதிரி கறுப்பாக. அந்தத் தூசியில் அவள் இருமிவிடக் கூடாதென்று நடைவழிப் பக்கம் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். நான் அவளுக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்வது இப்படிச் சில சின்னக் காரியங்களைத்தான்.

ஒருநாள் துணி குதிக்கவில்லை. நான் பாட்டுக்கு டிரில்லை ஓட்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஓடிவந்து என் தோளைத் தட்டினார்கள். வெளியே போனால், அறிவிப்புப் பெண் மைக்கை மூடிவிட்டு என் மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கயிறு கீழே கிடந்தது.

"ஒன்னுமில்லீங்க. கண்ணசந்துட்டேன்" என்றாள்.

நான் அவளைக் கடிந்துகொண்டேன். "முடியலீன்னா முடியலீன்னு சொல்லோணும். நீ பாட்டுக்குத் தூங்கினா நா என்ன பண்றது? இன்னொருக்கா அந்த மாதிரி யாராவது வண்டிய உட்டுட்டா?" என்றேன். அவள் கண்ணசரவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன். வலி என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. தூக்கம் என்றால் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். போனேன். கொஞ்ச நேரத்தில் துணி மறுபடியும் குதிக்க ஆரம்பித்தது.

கரண்டு வைத்தியம் ஒரு வியாழக்கிழமை முடிந்தது. ஒரு மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். இனித் தண்ணீர் படலாமா என்று அவள் கேட்டாள். படலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியிடங்களில் அப்படிச் செய்கிறவள் அல்ல.

"ஏனுங்க, நாளைக்குக் காலைல மொத பஸ்சுக்குப் போலாமுங்களா?"

சனிக்கிழமை கம்ப்யூட்டர்கள் வந்து இறங்குவதாக இருந்தது. ஏசி அறையின் தடுப்புக்குச் சன்மைக்கா ஒட்டி முடியவில்லை, கதவு மாட்டவில்லை. என்னை விட்டால் அந்தக் கதவை மாட்ட அங்கே வேறு ஆள் இல்லை. அல்லது, அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டே நாள் பொறுத்துக்க புள்ள. மிஷினு வந்து எறங்கட்டும். ஞாயித்துக்கெழம காலைல போலாம்" என்றேன்.

"வளவுல வாந்தி வந்தாலும் பரவாயில்லீங்க. நா மட்டும் போகட்டுங்களா?"

"தனியா எப்படிப் போவ? ரெண்டு நாள்தான?"

என் கையை விட்டுவிட்டு நடந்தாள். பிறகு, "செரிங்க. ஞாயித்துக்கெழம" என்றாள்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டிரில் வேலை முடிந்துவிட்டிருந்தது, கயிற்றுக்கு அவசியம் இல்லை. ஆனாலும் வந்தாள். சனிக்கிழமை மதியம் மரப்பெட்டிகளில் மிஷின்கள் வந்து இறங்கின. குமாஸ்தாக்கள் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். சூப்பர்வைசர் என் தோளில் கைவைத்து, "நொம்ப நல்லா வந்திருக்குதுங்க" என்றார். அந்த ஒரு நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. எழுந்து நிற்கவைத்தேன். புடவையெல்லாம் ரத்தமாக இருந்தது. மலைக்குப் போகிற பஸ்ஸுக்காக எடுத்துவைத்திருந்த பையோடு ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடுதிக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். மதியத்துக்கு மேல் மகள் வந்து சேர்ந்தாள்.

திங்கட்கிழமை அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். மகளின் மடியில் தலைவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். ஏசி அறைக் கதவு சரியாக மூடவில்லை, ராத்திரி பெய்த மழையின் ஈரத்துக்கோ என்னவோ உப்பிக்கொண்டது, குளிர்ச்சி நிற்கவில்லை, மிஷினை ஓட்டிப் பார்க்க ஆள் வந்து காத்திருக்கிறார்கள் என்றார். கேட்கும்போதே அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நான் தயங்கினேன்.

என் மனைவிதான், "போயிட்டு வாங்க. ஒரு மணி நேரந்தான" என்றாள்.

போனேன். கதவைக் கழற்றி, அடிப்பக்கம் ஒரு நூல் அளவு இழைத்து, திரும்ப மாட்டினேன். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. திரும்பி வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தூக்கத்திலிருந்து என் மனைவி முழுசாக விழிக்கவே இல்லை. கூப்பிட்டால் முனகுவாள், அவ்வளவுதான். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூச்சு நின்றுபோனது.

ஒரு வேனில் அவளை மேலே கொண்டுபோனோம். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, மெதுவாகத் திருப்பினார். மகள் அவளுடைய தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நாகலூரில் லைன் சனங்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பெண்கள் குளிப்பாட்டுவதற்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். மகள் அந்தக் குடத்தை நகர்த்தி வைத்தாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு, விறகு நமுத்துப்போயிருந்தது, புகைதான் வந்தது. பெண்களில் ஒருத்தி, "அதெதுக்குச் சாமி சுடுதண்ணி? நேரமாகுது" என்றாள். மகள் காதில் வாங்கவில்லை. ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து காய்ந்த விறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். தண்ணீர் காயும்வரை அத்தனை பேரும் காத்து நின்றார்கள். நான் வேலியோரம் நின்றிருந்தேன். மறைப்புக்குக் கட்டிய புடவைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மேலே ஆவி எழுந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த அன்று மகள் என்னிடம் கேட்டாள். "ஆஸ்பத்திரில அம்மா எங்கிட்டச் சொல்லுச்சுங்க. வெள்ளிக்கெழமையே ஊட்டுக்குப் போலாம்னு கேட்டுச்சாமா. ஏனுங்கப்பா கூட்டிட்டு வரல?"

"வேல இருந்துச்சு கண்ணு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மறுநாளே விடுதிக்குப் போய்விட்டாள். லீவுக்கு வருவாள், சமைப்பாள், துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அவளுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, எல்லாவற்றுக்கும் நான் கூட இருந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து, என் சாமான்களை எடுத்துவர ஜங்ஷனுக்குப் போனேன். அலுவலகத்தில் மிஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ஜன்னல்களில் எப்போதும் போலக் கூட்டம். யாரோ நடைவழிப் பெஞ்சை எடுத்துச் சுவரோரம் போட்டிருந்தார்கள். அறிவிப்புப் பெண் என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். என்னை அந்தப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். பிறகு சொன்னாள்.

"அண்ணா, உங்ககிட்ட ஒன்னு சொல்லோணுங்க. அந்தச் சனிக்கெழம நீங்க பெட்டியெல்லாம் எறக்கிட்டு இருந்தப்ப, அக்காவ எங்க குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. உடம்பெல்லாம் எரியுதுன்னாங்க. அம்மாவும் நானும் சுடுதண்ணி வெச்சு ஊத்திவுட்டோம். முதுகு தேச்சுவுட்டோம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே" என்றேன்.

"சொல்ல வேண்டாம்னாங்க. ஊட்டுக்குப் போயித்தான் வாத்துக்குவேன்னு அவருகிட்டச் சொல்லியிருக்கறேன், இங்கயே வாத்துட்டேன்னு தெரிஞ்சா ஞாயித்துக்கெழமைய இன்னும் தள்ளிப்போட்டுருவாருன்னு சொன்னாங்க." இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா நெனைக்காதீங்க. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க."

மணி அடித்தது. அடுத்த வண்டியை அறிவிக்க அவள் உள்ளே போனாள். நான் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். என் மனைவி என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்தாள் என்பதை நினைத்தபோதுதான், அவள் செத்த பிறகு முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது. ரோட்டோரம் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து, நாலு பேர் பார்ப்பார்களே என்ற நினைப்பே இல்லாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு கீழே வேலைக்குப் போகவில்லை. பழைய எஸ்டேட்டிலும் இடமில்லை. நாகலூரிலும் கரடியூர்ப் பக்கத்திலும் வீடு கட்டுகிறவர்களுக்கு ஜன்னல், நிலை செய்து கொடுத்துக் காலத்தை ஓட்டினேன். கதவு ஒட்டுகிறது என்று யாராவது வந்து கூப்பிட்டால் மட்டும், உடனே எழுந்து போக மனசு வராது.

பல வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு மகள் தன் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "நீங்க வெள்ளிக்கெழமையே கூட்டிட்டு வந்திருந்தாலும் அம்மா பொழைச்சிருக்காதுங்கப்பா. டாக்டருங்க எங்கிட்ட அப்பவே சொன்னாங்க" என்றாள்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"பொழைக்கறதுக்கு அவ கேக்கலியே கண்ணு" என்றேன். "போலாமான்னுதான கேட்டா. நா அந்தக் கதவ மாட்டோணும்னு இருந்துட்டேன். வேற ஆரு வேணும்னாலும் மாட்டியிருப்பாங்க. எனக்கு அது நல்லா வந்துட்டு இருந்துச்சு, உட்டுட்டு வர மனசில்ல. அதுதான் காரணம். அன்னிக்கு உங்கிட்டச் சொல்ல வாய் வரல."

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. குனிந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்கப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா இறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். இரண்டு நாளில் போவதாக இருந்தவள் ஒரு வாரம் இருந்தாள். பஸ் ஏறும்போது, பள்ளி லீவு விட்டதும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். வந்தாள்.